துணைக்கு வந்தவள்

என் தம்பி மனைவிக்குக் காலில் சக்கரம். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அது தெரிந்துபோயிற்று. டீயைக் கையில் கொடுத்து உட்காரம்மா என்றால் டம்ளர்தான் உட்காரும், இவள் உட்கார மாட்டாள். நின்றபடியே ஒரு மடக்கு குடித்துவிட்டு ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்ப்பாள், அடுத்த மடக்குக்குள் வாசலுக்குப் போயிருப்பாள். பல் தேய்க்கும்போதுகூட வீட்டை ஒரு சுற்று சுற்றி வருகிற பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. சக்கரம் என்று நான்தான் பெயர் வைத்தேன். எனக்கு என் தம்பி எப்போதோ ஊசி என்று பெயர் வைத்துவிட்டான். தையல்காரி என்பதால் அப்படிக் கூப்பிடுகிறான் என்று வெளியாட்களிடம் சொல்லிக்கொள்வேன். உண்மையான காரணம் என் வாய் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டின் முன்னறைதான் என் கடை. புதுத்துணி தைப்பதைவிட இங்கே பழுது பார்ப்பதே அதிகம்: இடுப்பைப் பிடிப்பது, கைநீளம் கூட்டுவது, ஜிப் மாற்றுவது. பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை. தம்பி தொலைதூர லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி சாலையில்தான். அவர்கள் பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கிறான். ஆக, வீட்டில் பெரும்பாலும் நானும் அவளும் மட்டும்தான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட ஒரு நாத்தனாரோடு, அதுவும் என் மாதிரி நாத்தனாரோடு, ஒரே வீட்டில் குப்பை கொட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதற்காக அவளை ஒரு வார்த்தை பாராட்டியிருக்கலாம். நானாவது, பாராட்டுவதாவது.

அவளுக்கு நகராட்சி சுகாதாரப் பிரிவில் வேலை. மருந்து கொடுக்கிற வேலை இல்லை. ஜனங்கள் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வதற்குத் திட்டம் போடுகிற வேலை. கை கழுவ வைப்பது, புகையை விட வைப்பது, நடக்க வைப்பது, நோய் முற்றுவதற்கு முன்னால் பரிசோதனைக்கு வர வைப்பது. இதற்கெல்லாம் ஒரு சம்பளமா என்று முதலில் கேட்டுச் சிரித்தேன். பெற்றவர்கள் தலைபாடாக அடித்துக்கொண்டும் மாறாதவர்கள் நீ சொன்னால் மாறிவிடுவார்களா என்றேன். "நீங்க சொல்ற மாதிரி சொன்னா மாற மாட்டாங்கதான் அண்ணி" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அந்த வருஷம் அவளிடம் வந்த வேலை மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை. சுகாதார நிலையத்தின் மாடியில் படம் எடுக்கும் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். கட்டணம் கிடையாது. சுவரெல்லாம் சுவரொட்டி, தெருவெல்லாம் ஒலிபெருக்கி வண்டி. ஆனால் ஈ காக்கை வரவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த நர்ஸம்மா குறுக்கெழுத்துப் புதிர்களாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். மேலதிகாரி யோசித்து ஒரு வழி சொன்னாராம்: சுவரொட்டியை இன்னும் பெரிதாகப் போடலாம், படத்தை இன்னும் பயங்கரமாகப் போடலாம். அன்று சாயங்காலம் சக்கரம் என் கடையில் வெட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்ததில் எனக்கே தலை கிறுகிறுத்தது.

மறுநாளிலிருந்து அவள் ஊரைச் சுற்ற ஆரம்பித்தாள். சலவைக்கூடம், துணித் தொழிற்சாலை வாசல், பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூட வாசல் என்று பெண்கள் நிற்கிற இடமெல்லாம் போனாள். உபதேசம் பண்ணவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். என் கடையையும் விடவில்லை. அளவெடுப்பதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு வாய் தானாகத் திறக்கும், அது எனக்கு நெடுநாளாகத் தெரியும். அவளுக்கும் தெரிந்துபோய், நான் நாடாவை எடுத்தாலே வந்து ஒட்டிக்கொள்வாள். வியாபாரத்தைக் கெடுக்கிறாள் என்று நான் கத்தினேன். கத்தினேனே தவிர, நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் கண்டுபிடித்தது இதுதான். யாருக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. துண்டுப் பிரசுரத்தை ஒப்பிக்கிறார்கள். தெரிந்ததால்தான் பயம், பயத்தால்தான் வரவில்லை, அந்தப் பயத்தின் மேல் இன்னொரு பயங்கரப் படத்தை ஒட்டி என்ன ஆகப் போகிறது? பெண்கள் சொன்ன காரணங்களெல்லாம் சில்லறைக் காரணங்கள். தனியாக எப்படிப் போவது. உள்ளே சட்டையைக் கழற்றினால் பையை எங்கே வைப்பது. முதுகுப் பக்கம் திறந்திருக்கிற அந்த ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுக்கொண்டு எப்படி நடப்பது. இந்தச் சில்லறைகள்தான் ஒன்றாகச் சேர்ந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றன.

பிறகு திட்டம் போட்டாள். கழற்றின சட்டையை மாட்டக் கதவின் உட்பக்கம் ஒரு கொக்கி. முன்பக்கம் முடிச்சுப் போடுகிற அங்கி, அதை நான் தைத்துக் கொடுத்தேன். பேரம் பேசித்தான் தைத்தேன், தர்மத்துக்கு இல்லை. யாரிடமும் "வருவீங்களா?" என்று கேட்கக் கூடாது என்று தன் ஆட்களிடம் சொல்லிவைத்தாள். கேட்டால் எல்லோரும் வருகிறேன் என்பார்கள், ஒருத்தரும் வர மாட்டார்கள். அதற்குப் பதிலாக, "எந்தக் கிழமை? யாரோட?" என்று கேட்க வேண்டும். கிழமையையும் ஆளையும் தன் வாயால் சொன்னவள் பெரும்பாலும் வந்துவிடுவாள் என்பது அவள் கணக்கு.

அந்த யாரோட என்பதில்தான் திட்டத்தின் உயிரே இருந்தது. ஒவ்வொருத்தியும் ஒரு துணையோடு வர வேண்டும். துணைக்கு வருகிறவளுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள, மஞ்சள் துணியில் துணை என்று எழுதிய வில்லை ஒன்று, அதையும் நான்தான் தைத்தேன். அறை வாசலில் துணைகளுக்கென்று வரிசையாக நாற்காலிகள். துணைக்கு வருகிறவர்களுக்குச் சக்கரம் ஒரு வகுப்பும் எடுத்தாள். பையைக் கையில் வாங்கிக்கொள், கடைசிவரை கீழே வைக்காதே. யாருக்கோ வந்த கதையை எடுத்து விடாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதே. ஊரில் அத்தனை பெண்களும் வெறுத்த சொல் அதுதானாம். அதைச் சொன்னதும் பயப்படுகிறவள் வாயை மூடிக்கொள்கிறாள், சொன்னவளுக்குத்தான் நிம்மதி, கேட்டவளுக்கு இல்லை என்றாள். வகுப்பில் அதற்கு மட்டும் குரலை உயர்த்துவாள்.

திட்டம் பிடித்துக்கொண்டது. படிக்கட்டுவரை வரிசை நின்றது. நர்ஸம்மாவுக்குக் குறுக்கெழுத்துக்கு நேரம் இல்லை. நானும் துணைக்குப் போனேன். முதலில் எதிர்வீட்டுக்காரியோடு, பிறகு பட்டன் வாங்குகிற கடைக்காரியோடு, பிறகு யார் கூப்பிட்டாலும். போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் வம்பு பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். திரும்பி வரும்போது ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரி இருக்கும். மேலதிகாரிக்கு மட்டும் முழுத் திருப்தி இல்லை. அந்தப் பருவம் முடிந்ததும் கூட்டம் போட்டு, இதைத் தொடர்வதா, பழையபடி சுவரொட்டிக்கே போவதா என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போக அவளுக்கு ஒரு சட்டை வேண்டும் என்றாள். நாடாவை எடுத்தேன். மார்பைச் சுற்றிக் கொண்டுவந்த நாடா இடது பக்கம் பட்டதும் சட்டென்று விலகினாள். கூச்சமா என்று கிண்டல் பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், தையல் ஓரம் அங்கே உரசாமல் இருக்கட்டும் என்றாள். ஏன் என்றேன். கையைத் தூக்கிக்கொண்டு நின்றவள், மற்ற பெண்கள் சொல்வது போலவே, சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டாள்: கொஞ்ச நாளாக ஒரு கட்டி இருக்கிறது.

நாடா என் கையிலிருந்து நழுவிவிட்டது. யாரிடம் காட்டினாய் என்றேன். கூட்டம் முடியட்டும் என்றாள். இப்போது போய்ப் படுத்துவிட்டால் மேலதிகாரி அந்த வாரமே சுவரொட்டி அச்சடித்துவிடுவார் என்றாள். உங்கள் தம்பிக்குச் சொல்லாதீர்கள், மலைப்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிற ஆளிடம் சொல்லக்கூடிய விஷயமா என்றாள். எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தாள். ஊர்ப் பெண்கள் சொன்ன சில்லறைக் காரணங்களை ஒவ்வொன்றாக உடைத்தவள், தனக்கென்று பெரிய நோட்டாக எடுத்து வைத்திருந்தாள். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் நாடாவை எடுத்து மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சக்கரம் முன்னைவிட வேகமாகச் சுற்றினாள். காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே அலமாரியை ஒழித்துத் துடைத்திருப்பாள். சுகாதார நிலையத்துக்குத் துணை இல்லாமல் வருகிற ஒவ்வொருத்திக்கும் தானே வில்லையைக் குத்திக்கொண்டு துணையாகப் போய் உட்கார்ந்தாளாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு மறுபடி பிரித்தேன். ஒரு வாடிக்கைக்காரரின் நல்ல கால்சட்டையைக் கணுக்காலுக்கு மேலே வெட்டிவிட்டு அவரிடமே சண்டைக்கும் போனேன். தம்பி வழியில் எங்கேயோ நிறுத்தி போன் பண்ணி வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்பான். சுகம் என்பேன். என்ன ஊசி, சத்தமே இல்லை என்று சிரிப்பான். வைத்துவிட்டு அவள் அறைக் கதவைப் போய் முறைத்துக்கொண்டு நிற்பேன்.

பேசிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். அந்தக் கடைசி வித்தைக்கு என்னிடம் பழக்கம் போதாது. எதுவும் நடக்கவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

கூட்டத்துக்குச் சில நாள் இருக்கும்போது, சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற ஒருத்திக்குத் துணையாக நான் மறுபடி சுகாதார நிலையத்துக்குப் போனேன். அவள் உள்ளே போனாள். நான் அவள் பையை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிரே சக்கரம். மஞ்சள் வில்லை, மடியில் யாருடையதோ ஒரு பெரிய பை, தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிற கால். அறைக் கதவு அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒவ்வொரு நாளும் அவள் அந்தக் கதவுவரை வருகிறாள், யாரையோ உள்ளே அனுப்புகிறாள், திரும்பிப் போகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்தையே ரெண்டாக்கியிருப்பேன். ஆஸ்பத்திரி என்பதால் பக்கத்து நாற்காலிக்குப் போய்க் காதோரம் குனிந்தேன்.

"எந்தக் கிழமை? யாரோட?"

அவள் கால் நின்றது. தன் ஆயுதத்தைத் தன்மேலேயே வீசுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பிறகு திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க என்னிக்குப் போனீங்க அண்ணி?"

"நான் துணைக்கு வந்தவடி" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த அங்கிகளை எல்லாம் நான்தான் தைத்தேன். எத்தனை பேரை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பை பிடித்திருக்கிறேன். நான் ஒருமுறைகூட உள்ளே போகவில்லை. யாராவது கேட்டிருந்தால், நான்தான் அடிக்கடி அங்கே போகிறேனே என்று சொல்லியிருப்பேன், உண்மையாக நம்பியும் சொல்லியிருப்பேன்.

சக்கரம் முதலில் சிரித்தாள். அப்புறம் அவள் முகம் வெளுத்தது. நாற்காலி வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். மஞ்சள் வில்லைகள். எதிர்வீட்டுக்காரி, பட்டன் கடைக்காரி மாதிரி ஒன்றிரண்டு பேர் ஏற்கெனவே உள்ளே போய் வந்தவர்கள். மற்றதெல்லாம் தினம் பார்க்கிற அதே முகங்கள்தான். தைரியசாலிகள் என்று பெயர் வாங்கியவர்கள், யார் கூப்பிட்டாலும் கிளம்பி வருகிறவர்கள். அவர்களில் ஒருத்திகூடச் சட்டையைக் கழற்றியதில்லை. துணையோடு வா என்று சொல்லித் திட்டம் போட்டவள், அந்தத் துணையை யார் உள்ளே கூட்டிப்போவது என்று யோசிக்கவே இல்லை.

"பயப்படறவங்களுக்குக் கதவு வெச்சேன். பயத்தை வெளிய காட்டாதவங்களுக்கு ஒளிஞ்சுக்க நாற்காலி போட்டுக் குடுத்திருக்கேன். நான்தான் முதல்ல வந்து உக்காந்திருக்கேன்" என்றாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான், அது எனக்குப் பிடிக்கவே இல்லை. சலவைக்கூடத்துக்காரி வெளியே வந்து பையை வாங்கிக்கொண்டாள். அந்தப் பெரிய பைக்குச் சொந்தக்காரியும் வந்து வாங்கிக்கொண்டு போனாள். எங்கள் இரண்டு பேர் மடியும் காலியாயிற்று. நர்ஸம்மா கதவைத் திறந்து அடுத்தது யார், யாருக்கு யார் துணை என்று கேட்டார். சக்கரம் தன் வில்லையைக் கழற்றினாள். என் சட்டையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அவள் தன்னுடையதை என் கையில் திணித்து, தோள்பையையும் என் மடியில் வைத்தாள். நான் வந்ததும் நீங்கள் என்றாள். சரி என்றேன்.

அவள் உள்ளே இருந்த நேரம் முழுக்க நான் அந்தப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதே நாற்காலியில் எத்தனை தடவை உட்கார்ந்திருக்கிறேன், அப்போதெல்லாம் இது சாதாரண நாற்காலியாகத்தான் இருந்தது. என் முறை வந்தபோது நான் தைத்த அங்கியை நானே போட்டேன். முடிச்சு வைத்த இடம் அரை விரல் கீழே இருந்திருக்க வேண்டும், இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது. இத்தனை பெண்கள் இதைப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை குறை சொல்லாமல் போயிருக்கிறார்களே என்று அந்த நிலைமையிலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. படம் எடுக்கும்போது வலித்தது. வலிக்காது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, அதற்காக அவள் போட்ட சட்டத்துக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

எனக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அவளை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசி விட்டுக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, முடிவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அன்று மாலை தம்பி எங்கேயோ வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பான் என்று கணக்குப் போட்டு அவளே போன் பண்ணினாள். நான் சமையலறையில் நின்று கேட்டேன். சுற்றி வளைக்காமல், நேராகச் சொன்னாள். சரக்கை இறக்கிவிட்டு ஓடி வருகிறேன் என்றானாம். வருகிறபோது ஓட வேண்டாம், மெதுவாக ஓட்டு என்று இவள் அவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் இந்த வீட்டில் ஒரு பொருள் இருந்த இடத்தில் இருக்கவில்லை. கட்டிலை நகர்த்தினாள், திரும்ப நகர்த்தினாள். என் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கிவைத்து, எனக்குக் கறுப்பு நூல் எங்கே என்று தெரியாமல் செய்தாள். நான் திட்டவில்லை. அதைப் பார்த்து, அண்ணி திட்டக்கூட இல்லை, அப்படியானால் நிலைமை மோசம்தான் என்றாள். இதற்கு நடுவில் கூட்டத்துக்கும் போனாள், இடது பக்கம் தாராளமாகத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு. திட்டத்தில் என்ன தப்பு என்று மேலதிகாரி கேட்பதற்கு முன்பே அவளே எடுத்துச் சொன்னாளாம். இனிமேல் வாசலில் நாற்காலி வரிசை கிடையாது. வருகிற இரண்டு பேரும் துணை, இரண்டு பேரும் உள்ளே போக வேண்டும், ஒருத்திக்கு மற்றவள் பை பிடிக்க வேண்டும். வில்லை ஒன்றுதான், உள்ளே போகிறவள் கழற்றி வெளியே இருக்கிறவளுக்குக் குத்திவிட்டுப் போக வேண்டும். தப்பை நீங்களே ஒத்துக்கொண்டால் நான் எதைத்தான் கேட்பது என்று மேலதிகாரி அலுத்துக்கொண்டாராம். ஆனால் திட்டத்தைத் தொடரச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து இதை நின்றுகொண்டே சொன்னாள். சந்தோஷமா என்றேன். தெரியவில்லை, முடிவு வரட்டும் என்றாள்.

முடிவு சொல்கிற நாள் வந்தது. தம்பி இன்னும் வந்து சேரவில்லை. முந்தின நாள் எங்கேயோ பாதை அடைத்து, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன என்று போன் வந்தது. நாம் போகலாம் என்றேன். அவள் பையைத் திறந்து அந்த மஞ்சள் வில்லையை எடுத்து என் சட்டையில் குத்தினாள். பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கு அர்த்தம் கிடையாது, யாருக்கும் தெரியாது. நானும் எடுத்துப் போடவில்லை.

டாக்டரின் அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான் உட்கார்ந்தேன், பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் நின்றாள். டாக்டர் உட்காரச் சொன்னார், அவள் பரவாயில்லை என்றாள். டாக்டர் அவளைவிட வயதில் சின்னவள். இப்படிப்பட்ட சொற்களைச் சொல்லிப் பழகியிருந்தாலும் அவளுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும், பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். கட்டி புற்றுநோய்க் கட்டிதான். அறுவைச் சிகிச்சை செய்து எடுக்க வேண்டும். பரவியிருக்கிறதா என்பதை அதற்குப் பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் இப்போதாவது வந்தீர்களே என்றாள்.

என் வாயில் ஒரே ஒரு சொல்தான் வந்து நின்றது. அதை விழுங்கினேன். யாருக்கோ வந்து பிழைத்த கதை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது, அதையும் விழுங்கினேன். வகுப்பில் அவள் குரலை உயர்த்தியதுதான் கண்முன்னே நின்றது. பையின் வாரை மட்டும் கையில் சுற்றிக்கொண்டேன்.

சக்கரம் ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள். அறுவைச் சிகிச்சை எந்தக் கிழமை என்று கேட்டாள். டாக்டர் சொன்னாள். சரி என்று தலையாட்டினாள். பிறகு பக்கத்து நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு, முழங்கால் என் முழங்காலில் இடிக்கும்படி உட்கார்ந்தாள். கால் ஆடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். என் சட்டையில் இருந்த வில்லையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சொல்லுங்க அண்ணி."

என்ன சொல்லச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் என்னடி என்றேன்.

"சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். தெரியும். ஒரே ஒரு தடவை சொல்லுங்க."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அது பொய்யா மெய்யா என்று தெரியாது, அவளுக்கும் தெரியாது, அந்த அறையில் ஒருத்தருக்கும் தெரியாது. வாழ்நாளெல்லாம் சுருக்குச் சுருக்கென்று குத்தியே பேசிப் பழகிய வாய், அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குத் திறக்க மறுத்தது. இரண்டு தடவை முயன்றேன்.

"ஒண்ணும் ஆகாதுடி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நான் ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இன்னொரு கையில் பை இருந்தது, அதை நான் கீழே வைக்கவில்லை.